4875-க்கு 1497: ராண்டி ஜான்சனின் 22 சீசன்களைப் பிரித்துப் பார்த்தால்

ராண்டி ஜான்சன் 1988 முதல் 2009 வரை 22 சீசன் மேஜர் லீக் பேஸ்பால் ஆடினார். 4135⅓ இன்னிங்ஸ், 4875 ஸ்ட்ரைக்அவுட், 1497 வாக். இடக்கை பிட்ச்சர்களில் (பந்து வீசுபவர்களில்) இத்தனை ஸ்ட்ரைக்அவுட் வேறு யாருக்கும் கிடையாது. மொத்தப் பட்டியலிலும் நோலன் ரயனின் 5714-க்கு அடுத்த இடம் இவருக்குத்தான். 4875-ஐ 1497-ஆல் வகுத்தால் 3.26 வருகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் 22 சீசன்களில் இந்த 3.26-க்கு 0.2 தூரத்துக்குள் வருபவை இரண்டே இரண்டு: 1993, பிறகு முதுகுவலியால் பாதியில் நின்றுபோன 1996. மற்ற எல்லா ஆண்டுகளும் அதற்கு நன்கு கீழே அல்லது நன்கு மேலே. ஒரு பிட்ச்சரின் மொத்த வாழ்வையும் ஒரே விகிதத்தில் அடக்கினால் என்ன தொலைந்துபோகும் என்பதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது.

ஆட்டம் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவிலான ஸ்ட்ரைக் மண்டலத்துக்குள் வந்தும் அவர் அடிக்காத பந்தும், அவர் மட்டையை வீசித் தவறவிட்ட பந்தும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், அது ஸ்ட்ரைக்அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் பிட்ச்சருக்கு ஓர் இன்னிங்ஸ் கணக்கு. ஸ்ட்ரைக் மண்டலத்துக்கு வெளியே போய் பேட்டர் அடிக்காமல் விட்ட பந்துகள் நான்கு சேர்ந்தால் அவருக்கு முதல் பேஸ் (ஓட்டம் எடுக்க ஓடி எட்ட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) இலவசம், அது வாக். கிரிக்கெட் வைடோடு இதை ஒப்பிட்டுப் புரிந்துகொள்ள வேண்டாம். வைடுக்கு ஓர் ஓட்டமும் மறுபந்தும் போகும், அதோடு முடிந்தது. வாக் ஓர் ஆளைக் களத்தில் நிறுத்திவிடும், அடுத்து வரும் அடி ஒவ்வொன்றின் விலையும் ஏறிவிடும். இந்த இரண்டு முடிவுகளிலும் ஃபீல்டர்களுக்கு வேலை இல்லை என்பதால்தான் பிட்ச்சரை எடைபோட முதலில் இவற்றை எடுக்கிறார்கள்.

கணக்கு போடும் முன்

முதல் பொறி இன்னிங்ஸை எழுதும் முறையில் இருக்கிறது. புள்ளிவிவரப் பக்கங்களில் 210.1 என்று இருந்தால் அது 210⅓ இன்னிங்ஸ்; 160.2 என்றால் 160⅔. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அவுட் எண்ணிக்கை, பத்தில் ஒரு பங்கு அல்ல. எக்ஸெலில் அப்படியே கூட்டினால் 22 சீசனில் பிழை மெதுவாகச் சேர்ந்துகொண்டே போகும். முழு எண்ணைத் தனியே எடுத்து 3-ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்தைக் கூட்டி, எல்லாவற்றையும் அவுட்டாக மாற்றிவிட்டு, கடைசியில் 3-ஆல் வகுப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது, சராசரிகளின் சராசரி. ஜான்சனின் 22 சீசன் விகிதங்களையும் தனித்தனியே கண்டு கூட்டி 22-ஆல் வகுத்தால் 3.71 கிடைக்கும். சரியான எண் 3.26. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? 56⅔ இன்னிங்ஸே வீசிய 2007-க்கும் (72 ஸ்ட்ரைக்அவுட், 13 வாக், விகிதம் 5.54) 201⅓ இன்னிங்ஸ் வீசிய 1991-க்கும் (228, 152, விகிதம் 1.50) அந்த முறை ஒரே எடை கொடுக்கிறது. எப்போதும் மூல எண்களைக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

மூன்றாவது பொறி கொஞ்சம் ஆழமானது, இதில் விவரம் தெரிந்தவர்களும் விழுவார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஸ்ட்ரைக்அவுட் என்ற பழைய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான்சனுக்கு 1992-இல் அது 10.31, 2004-இல் 10.62. கிட்டத்தட்ட ஒரே பிட்ச்சர் போலத் தெரிகிறது. ஆனால் 1992-இல் 210⅓ இன்னிங்ஸை முடிக்க அவர் 922 பேட்டர்களைச் சந்தித்தார். 2004-இல் 245⅔ இன்னிங்ஸுக்கு 964 பேர். இன்னிங்ஸுக்கு 4.38 பேர், பின்னாளில் 3.92 பேர். வாக் கொடுத்து ஆளைச் சேர்க்கிறவருக்கு அதே இன்னிங்ஸில் ஸ்ட்ரைக்அவுட் எடுக்கக் கூடுதல் ஆட்கள் கிடைக்கிறார்கள். அதாவது இன்னிங்ஸை வகுஎண்ணாக வைத்தால் கட்டுப்பாடு இல்லாதவருக்குப் பரிசு கொடுத்தது போல ஆகிறது. பேட்டர் எண்ணிக்கையால் வகுத்தால் 1992-இல் 26.1 சதவீதம், 2004-இல் 30.1 சதவீதம். உண்மையான இடைவெளி அதுதான்.

ஆகவே இங்கே மூன்று எண்கள் போதும்: சந்தித்த பேட்டர்களில் ஸ்ட்ரைக்அவுட் சதவீதம், வாக் சதவீதம், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்த மிச்சம். பழைய விகிதத்தை ஒப்பிடுவதற்காக மட்டும் பக்கத்தில் வைக்கிறோம்.

| சீசன் | ஸ்ட்ரைக்அவுட் | வாக் | விகிதம் | ஸ்.அ. % | வாக் % | மிச்சம் |
|---|---|---|---|---|---|---|
| 1990 | 194 | 120 | 1.62 | 20.6 | 12.7 | 7.8 |
| 1991 | 228 | 152 | 1.50 | 25.6 | 17.1 | 8.5 |
| 1992 | 241 | 144 | 1.67 | 26.1 | 15.6 | 10.5 |
| 1993 | 308 | 99 | 3.11 | 29.5 | 9.5 | 20.0 |
| 1995 | 294 | 65 | 4.52 | 33.9 | 7.5 | 26.4 |
| 1998 | 329 | 86 | 3.83 | 32.4 | 8.5 | 24.0 |
| 1999 | 364 | 70 | 5.20 | 33.7 | 6.5 | 27.2 |
| 2001 | 372 | 71 | 5.24 | 37.4 | 7.1 | 30.3 |
| 2004 | 290 | 44 | 6.59 | 30.1 | 4.6 | 25.5 |
| 2006 | 172 | 60 | 2.87 | 20.0 | 7.0 | 13.0 |
| 2008 | 173 | 44 | 3.93 | 22.2 | 5.7 | 16.6 |

1992-க்கும் 1993-க்கும் நடுவில்

1985-இல் மான்ட்ரியால் எக்ஸ்போஸ் தேர்ந்தெடுத்த ஜான்சன், 1989 மே மாதம் மார்க் லாங்ஸ்டனுக்கு ஈடாகச் சியாட்டில் மரினர்ஸுக்குப் போனார். 6 அடி 10 அங்குல உயரம். நீண்ட கை, நீண்ட கால். ஒவ்வொரு வீச்சிலும் இவையெல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வரவில்லை. 1990 ஜூன் 2-இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார், அன்றே ஆறு வாக்கும் கொடுத்தார். அந்தக் கால ஜான்சனைப் புரிந்துகொள்ள அந்த ஓர் ஆட்டம் போதும்.

1992 முடிவு வரை அவருடைய கணக்கு: 818 இன்னிங்ஸ், 818 ஸ்ட்ரைக்அவுட், 519 வாக். (முதல் இரண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல், ஆனால் சரிபார்க்க வசதி: ஒன்பது இன்னிங்ஸுக்குச் சரியாக 9.00.) ஒன்பது இன்னிங்ஸுக்கு வாக் 5.71. விகிதம் 1.58. வயது 29.

1993-இலிருந்து கடைசி வரை: 3317⅓ இன்னிங்ஸ், 4057 ஸ்ட்ரைக்அவுட், 978 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஸ்ட்ரைக்அவுட் 11.01, வாக் 2.65. விகிதம் 4.15.

1992 ஆகஸ்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுடன் ஆடும்போது ஜான்சன் நோலன் ரயனையும் அந்த அணியின் பிட்ச்சிங் பயிற்சியாளர் டாம் ஹவுஸையும் சந்தித்துப் பேசினார். அவர்கள் கண்டுபிடித்த பிழை முன்காலில் இருந்தது. பந்தை விடும் நேரத்தில் ஜான்சனின் வலது கால் குதிகாலில் இறங்கியது. குதிகாலில் இறங்கினால் உடல் அதன்மேல் சுழன்று மூன்றாம் பேஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பந்தை விடும் இடம் வீச்சுக்கு வீச்சு மாறும். முன்பாதத்தில் இறங்கினால் எடை நேராகப் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டை நோக்கிப் போகும். கைக்கு எந்த மாற்றமும் சொல்லப்படவில்லை. எதிரணிப் பிட்ச்சருக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த ரயனின் பெருந்தன்மையை டெக்சஸ் அணி பிறகு எத்தனை முறை நொந்துகொண்டதோ!

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எண்களில் அது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1992-இலிருந்து 1993-க்கு விகிதம் 1.67-இலிருந்து 3.11 ஆனது. ஸ்ட்ரைக்அவுட் சதவீதம் பழையபடி 26.1-லேயே நின்று, வாக் மட்டும் 9.5-க்கு இறங்கியிருந்தால் விகிதம் 2.75 ஆகியிருக்கும். ஆக, முன்னேற்றத்தில் நான்கில் மூன்று பங்கு வாக் குறைந்ததால் மட்டுமே வந்தது. அதுவரை அவருடைய பந்தில் குறை இருந்ததில்லை. ஸ்ட்ரைக்அவுட் சதவீதம் 34-ஐ எட்டியது இரண்டு ஆண்டு கழித்துத்தான்: பந்து மண்டலத்துக்குள் வரும் என்று தெரிந்தால் பேட்டர் காத்திருக்க முடியாது, வெளியே நழுவும் ஸ்லைடரையும் துரத்தியாக வேண்டும். கட்டுப்பாடு முதலில், ஸ்ட்ரைக்அவுட் அதன் பின்னால். மொத்த விகிதம் இந்த வரிசையைக் காட்டாது.

1998: ஈ.ஆர்.ஏ. பொய் சொன்ன ஆண்டு

இந்த அளவைகளின் நடைமுறைப் பயன் என்ன என்று கேட்பவருக்கு 1998-ஐக் காட்டலாம். ஜூலை 31 வரை சியாட்டில், அதன்பிறகு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். ஈ.ஆர்.ஏ. என்பது ஃபீல்டர் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்ச்சர் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்கள்; குறைந்தால் நல்லது. வெற்றி தோல்வி என்பது அணியின் முடிவைப் பிட்ச்சர் பெயரில் எழுதும் கணக்கு.

சியாட்டிலில் 160 இன்னிங்ஸ், 9 வெற்றி 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 4.33. ஹூஸ்டனில் 84⅓ இன்னிங்ஸ், 10 வெற்றி 1 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.28. இதை மட்டும் பார்த்தவர், ஒப்பந்தத் தகராறில் மனம் வெறுத்து அரைமனதாக வீசினார், ஊர் மாறியதும் உயிர் வந்துவிட்டது என்று எழுதுவார். அப்படி எழுதவும் செய்தார்கள்.

ஸ்ட்ரைக்அவுட், வாக் இரண்டையும் எடுங்கள். சியாட்டிலில் 213-க்கு 60. ஒன்பது இன்னிங்ஸுக்கு 11.98, 3.38. ஹூஸ்டனில் 116-க்கு 26, 12.38, 2.77. கொஞ்சம் மேம்பாடு உண்டு. அந்த மேம்பாட்டிலும் ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அமெரிக்கன் லீகில் பிட்ச்சருக்குப் பதிலாக நியமன பேட்டர் ஆடுவார், நேஷனல் லீகில் அப்போது பிட்ச்சரே பேட் பிடித்து வருவார்; ஒன்பது பேரில் ஒருவர் பெரும்பாலும் இலவச அவுட். ஈ.ஆர்.ஏ. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்ததற்கு இந்த மாற்றம் ஈடாகாது. பெரிய வித்தியாசம் ஹோம்ரனில் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) இருந்தது: சியாட்டிலில் 19, ஹூஸ்டனில் 4. மீதி, பந்து ஃபீல்டர் கைக்குப் போனதா இடைவெளிக்குப் போனதா என்ற அதிர்ஷ்டம். ஜூலை மாதத்தில் ஈ.ஆர்.ஏ.-வை நம்பியவருக்கு 34 வயதில் தேய்ந்துபோன ஒரு பிட்ச்சர் தெரிந்திருப்பார். 160 இன்னிங்ஸில் 213 ஸ்ட்ரைக்அவுட் எடுப்பவர் தேய்ந்தவர் அல்ல. அடுத்த நான்கு ஆண்டும் (1999 முதல் 2002 வரை) அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்காக ஆடி, ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை வரிசையாக வாங்கினார்.

ஏன் இவை முன்கூட்டியே சொல்கின்றன என்றால், இவை வேகமாக நிலைகொள்பவை. ஸ்ட்ரைக்அவுட் சதவீதம் சுமார் 70 பேட்டர்களிலும், வாக் சதவீதம் சுமார் 170 பேட்டர்களிலும் நம்பும்படியாகிவிடும் என்பது இத்துறையில் பரவலாகப் பயன்படும் வரம்பு. ஹோம்ரன் விகிதத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். அதாவது ஹோம்ரனை வைத்து ஒரு முழு சீசனையே தீர்ப்பாக எடுக்க முடியாது.

லீகோடு சேர்த்து அளப்பது

2001 அவருடைய உச்சம். மே 8-இல் சின்சினாட்டிக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸில் 20 ஸ்ட்ரைக்அவுட், வாக் ஒன்றும் இல்லை. ஆட்டம் 11 இன்னிங்ஸ் வரை போனதால் அதைச் சாதனைப் பட்டியலில் எங்கே வைப்பது என்று சண்டை நடந்தது. நம் கணக்குக்கு அது தேவையில்லை. முழு சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 13.41.

ஆனால் அந்த ஆண்டு ஒரு காரியம் நடந்தது. விதிப்புத்தகத்தில் உள்ளபடி உயரப் பந்துகளையும் ஸ்ட்ரைக் என்று கொடுக்கும்படி நடுவர்களுக்கு உத்தரவு போனது. மேஜர் லீகில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் பெறும் வாக் 2000-இல் 3.75, 2001-இல் 3.25, 13 சதவீத வீழ்ச்சி. ஜான்சனுக்கு 2.75-இலிருந்து 2.56, வெறும் 7 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் 2001-இல் அவர் கட்டுப்பாடு கூடியது. லீகோடு வைத்துப் பார்த்தால் 2000-தான் மேல்.

ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் இதே சோதனை. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 1992-இல் 5.59, 2001-இல் 6.67, 2019-இல் 8.81. ஜான்சனின் 13.41-ஐ 2019-இல் கெரிட் கோல் 13.82 எடுத்து முந்தினார். சாதனைப் பட்டியலில் அது சரி. லீக் அளவால் வகுத்தால் ஜான்சன் 2.01 மடங்கு, கோல் 1.57 மடங்கு. 1992-இன் கட்டுப்பாடற்ற ஜான்சனே 1.84 மடங்கு இருந்தார். வேறு வேறு காலத்துப் பிட்ச்சர்களை ஒப்பிடும் யாரும் இந்த வகுத்தலைச் செய்யாமல் பேசினால் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் 2001-லேயே சேர்த்துவிட வேண்டும்: பேட்டர் உடலில் பட்ட பந்துகள். விளைவு வாக் போலவேதான், முதல் பேஸ் இலவசம். ஆனால் வாக் கணக்கில் அது ஏறாது. அந்த ஆண்டு 18, அவர் வாழ்நாளில் 190. 71 வாக்கோடு இந்த 18-ஐச் சேர்த்தால் 5.24 என்ற விகிதம் 4.18 ஆகிறது; வாழ்நாள் 3.26 என்பது 2.89 ஆகிறது. பெரும்பாலான பிட்ச்சர்களுக்கு இதை விட்டுவிட்டால் பெரிய நஷ்டமில்லை. இடக்கையைப் பக்கவாட்டில் சுழற்றி, இடக்கை பேட்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது போல வீசும் ஜான்சனுக்கு விட முடியாது.

16 வெற்றியும் 17 வெற்றியும்

2004-இல் அவருக்கு 40 வயது. மே 18-இல் அட்லாண்டாவில் 27 பேர் வர 27 பேரும் அவுட், 13 ஸ்ட்ரைக்அவுட். சீசன் முழுக்க 290-க்கு 44, ஈ.ஆர்.ஏ. 2.60. வெற்றி தோல்வி: 16–14. அரிசோனா அந்த ஆண்டு 111 ஆட்டங்களில் தோற்ற அணி. சை யங் விருது 18–4 என்ற கணக்கும் 2.98 ஈ.ஆர்.ஏ.-வும் வைத்திருந்த ராஜர் கிளெமென்ஸுக்குப் போனது, ஜான்சன் இரண்டாவது. எங்கள் கணக்கில் அந்த வாக்கெடுப்பு தவறு, சந்தேகமே இல்லை.

2006-இல் நியூயார்க் யாங்கீஸுக்கு ஆடினார். ஈ.ஆர்.ஏ. 5.00. வெற்றி 17. ஓட்டங்களைக் குவிக்கும் அணி பின்னால் இருந்தால் இப்படித்தான். மேலே உள்ள அட்டவணையில் 25.5 என்ற மிச்சம் 13.0 ஆக விழுந்ததைப் பாருங்கள். வெற்றி எண்ணிக்கை எதிர்த்திசையில் போகிறது.

ஹோம்ரனையும் சேர்த்து ஒரே எண்ணாக வேண்டும் என்பவர்களுக்கு, ஃபீல்டர்களைச் சாராத எஃப்.ஐ.பி. என்ற அளவு இருக்கிறது. ஹோம்ரனை 13-ஆலும், வாக்கும் உடலில் பட்ட பந்தும் சேர்ந்ததை 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக்அவுட்டின் இரு மடங்கைக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, அந்த ஆண்டின் லீக் மாறிலியைச் சேர்க்க வேண்டும். மாறிலி பொதுவாக 3-க்குச் சற்று மேலே இருக்கும், லீக் ஈ.ஆர்.ஏ.-வோடு பொருந்த வைப்பதே அதன் வேலை. 2004-க்கு: 18 ஹோம்ரன், 44 வாக், 10 உடலில் பட்டவை, 290 ஸ்ட்ரைக்அவுட். 234 + 162 − 580 = −184. வகுத்தால் −0.75. மாறிலி சேர்த்தால் 2.30. மாறிலியைச் சேர்க்கும் முன்பே எதிர்மறை எண் வருவது அபூர்வம்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. 1990-இல் மிச்சம் 7.8 மட்டும், ஆனால் ஈ.ஆர்.ஏ. 3.65. 2006-இல் மிச்சம் 13.0, ஈ.ஆர்.ஏ. 5.00. அடிபட்ட பந்து எங்கே விழுந்தது, ஆள் பேஸில் நிற்கும்போது விழுந்ததா என்பதெல்லாம் இந்த எண்களுக்குத் தெரியாது. லீகின் மொத்த ஓட்ட அளவும் 1990-ஐவிட 2006-இல் அதிகம்.

விகிதம் ஏமாற்றும் இடங்கள்

கிரெக் மேடக்ஸ் 5008⅓ இன்னிங்ஸில் 3371 ஸ்ட்ரைக்அவுட், 999 வாக். விகிதம் 3.37. ஜான்சனின் 3.26-க்குப் பக்கத்து வீடு. ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிரித்தால் மேடக்ஸ் 6.06-க்கு 1.80, ஜான்சன் 10.61-க்கு 3.26. ஒருவர் பந்தை அடிக்க விட்டு ஃபீல்டரிடம் கொடுப்பவர், மற்றவர் பந்தைத் தொடவே விடாதவர். விகிதம் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு மேடக்ஸின் 999-இல் 177 பயிற்சியாளர் சொல்லி வேண்டுமென்றே கொடுத்தவை. அவற்றை நீக்கினால் அவர் 4.10. ஜான்சனுக்கு அப்படிப்பட்டவை மிகக் குறைவு என்பதால் அவர் எண் பெரிதாக நகராது.

வகுஎண் சிறிதாக இருந்தால் விகிதம் துள்ளும். 2014-இல் மினசோட்டாவின் ஃபில் ஹியூஸ் 186 ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 16 வாக் கொடுத்து 11.63 என்ற சாதனை வைத்தார். அவர் ஈ.ஆர்.ஏ. 3.52. 2004-இன் ஜான்சனைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜான்சனின் அந்த ஆண்டிலேயே 44-க்குப் பதில் 54 வாக் என்று வைத்துப் பாருங்கள்: விகிதம் 6.59-இலிருந்து 5.37-க்கு விழுகிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் 25.5-இலிருந்து 24.5 ஆகிறது, அவ்வளவுதான். சீசன் முழுக்கப் பத்து வாக் கூடியதன் உண்மையான எடை இரண்டாவது எண்ணில்தான் தெரிகிறது.

கடைசியாக, அட்டவணையில் 1998-ஐயும் 2008-ஐயும் விகிதத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் 3.83-க்கு எதிராக 3.93, 44 வயது ஜான்சன் 34 வயது ஜான்சனை வென்றுவிடுகிறார். மிச்சத்தில் 24.0-க்கு எதிராக 16.6. பத்து ஆண்டில் ஸ்ட்ரைக்அவுட் சதவீதம் 32.4-இலிருந்து 22.2-க்குப் போயிற்று, வேகம் குறைந்தது. வாக் 8.5-இலிருந்து 5.7-க்கு இறங்கி அந்த இழப்பை விகிதத்தில் மறைத்துவிட்டது. 2008-இல் அவர் ஈ.ஆர்.ஏ. 3.91.